ஐஸ் கம்பெனி மாடியில் நான்கு டப்பாக்கள்

ஆயுதபூசை ராத்திரி.
கம்ப்ரசர் உறங்குகிறது, நெற்றியில் சந்தனம்,
வால்வுப் பிடியில் ஒரு செவ்வந்தி.
ஆண்டில் இந்த ஒரு நாள்தான்
மண்டபத்தில் எங்கள் மாடியிலிருந்து
இரண்டு கடலும் தனித்தனியாகக் கேட்கும்.

பால்டிமோரிலிருந்து கைலியில் சுற்றி
கிளாட்வின் கொண்டுவந்த நான்கு டப்பாக்களை
மதியமே உப்புநீர்த் தொட்டியில் இறக்கியிருந்தோம்.
ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் காய்ப் படம்,
ஒன்றில் அதற்குப் பல் வேறு.
"அங்க இந்த ரெண்டு மாசந்தான் வரும்" என்றான்,
சாளை வரத்தைச் சொல்வதுபோல.
"பறங்கிக்காய் பீர்."

பறங்கி இறக்கிவிட்டுப் போன காய்
நுரை தள்ளிக்கொண்டு திரும்பி வந்திருக்கு
என்றான் வழிவிட்டான்.
முதல் மடக்குக்கு முன்பே அவனுக்கு ஏறியிருந்தது.

எவர்சில்வர் டம்ளர்களின் அடியில்
சாக்பீஸால் க, ங, ச, ஞ.
கம்பெனிக் கணக்கு பார்ப்பவள் நான்,
எனவே மார்க் எழுதுவதும் நானே,
நோட்டின் கடைசிப் பக்கத்தில்.
(எனக்கு டம்ளரில் இரண்டு விரல் அளவு.
மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள்.)

சகுபர் குடிக்க மாட்டான்.
அவனுடைய மூக்கு மட்டும் நடுவர்.
கருவாட்டு மூட்டையைப் பிரிக்காமலே
சீலாவா நெத்திலியா, எந்தக் கரையில் காய்ந்தது
என்று சொல்லும் மூக்கு.

க:
பிரியாணிச் சட்டி கழுவின தண்ணி, என்றது மூக்கு.
வழிவிட்டான் அதையே இன்னும் கொஞ்சம் கேட்டான். ஆறு.

ங:
சொத்தைப் பல்லில் வைக்கும் கிராம்புத் தைலம்.
எல்லோரும் ஒரே நேரத்தில் கன்னத்தைத் தடவினோம். நான்கு.

ச:
வெல்லம் தூக்கலாகிப்போன பறங்கிக்காய்க் கூட்டு.
முதல் முறையாகக் காய் எட்டிப் பார்த்தது.
நான் ஏழரை போட்டேன்.
ஏழரை ஆகாது என்று அடித்து எட்டாக்கினார்கள்.

ஞ:
கசப்பு. கச்சான் ஓய்ந்து
வாடை இன்னும் திரும்பாத நாளின் கடல்,
எந்தப் பக்கமும் சாயாமல்.
ஐந்தா மூன்றா என்று சண்டை, இன்னும் தீரவில்லை.

"காய் எங்கடா இதுல?"
"பட்டை, கிராம்பு, சாதிக்காய்.
காய் பேருக்குத்தான்" என்றான் கப்பல் சமையல்காரன்,
தன் சரக்கைத் தானே விட்டுக்கொடுத்து.

நம்புராஜன் எதற்கும் மார்க் சொல்லவில்லை.
அவனருகே, சாம்பல் பூத்து, ஒரு பூசணி.
சாயங்காலம் சந்தையில் எல்லோரும் வாங்க
கை தானாக வாங்கிவிட்டதாம்.
உடைக்க அணியம் வேண்டும்.
படகு எட்டு மாதமாக அக்கரையில்,
வேறு கொடிக்குக் கீழே கட்டிக்கிடக்கிறது.

"இதையும் பாருங்க" என்று நடுவில் உருட்டினான்.
"திருஷ்டிக் காயத் திங்கக் கூடாதுப்பா."
"சுத்துனாத்தான திருஷ்டி.
இன்னும் வெறும் காய்தான்."

ஐஸ் உடைக்கும் ஊசியால் குத்தி
மீன் கத்தியால் கீறினான்.
உப்பு. மிளகாய்த்தூள், அதுவும் பொட்டலத்தின் மடிப்பில் ஒட்டியிருந்தது மட்டும்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு தண்ணீர்.
பிறகு தண்ணீருக்குள் எங்கோ, பச்சையாக,
பேர் வைக்க வராத ஒன்று.

மூக்கை ஒதுக்கி வைத்துவிட்டு
சகுபர்தான் முதல் துண்டைக் கடித்தவன்.
"பத்து" என்றான், மென்று முடிக்காமலே.

கீழே ரோட்டில் யாரோ உடைத்த பூசணியில்
யாருடைய ஸ்கூட்டரோ வழுக்கியது.
எழுந்து, தட்டிவிட்டு, ஊரையே திட்டினார் அவர்.
நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.
நம்புவும் சிரித்தான்,
உதட்டில் ஒரு விதை.

மார்ச்சில் ஆடிட்டர் நோட்டைப் புரட்டினார்,
கடைசிப் பக்கம் வரை.
"நம்பு, பூசணி, பத்து.
இது வரவாம்மா, செலவா?"

நிலுவை சார், என்றேன்.